பாபகூராவில் பதினோராம் இடத்துக்கான ஆட்டம்

ஓக்லாந்து நகரின் நடுவிலிருந்து தெற்கே ரயிலேறினால் ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் டகானினி, அதற்கு அடுத்தது பாபகூரா. பல வருடங்களாக மின்சார ரயில் பாபகூராவோடு நின்றுவிடும். 2025 பெப்ரவரியில்தான் அது புக்கெகோவி வரை போகத் தொடங்கியது. அதனாலோ என்னவோ, நகரத்துப் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்குப் பாபகூரா இன்னமும் "அங்காலை, கனதூரம்" தான். வீடு பார்க்க வந்திருப்பார்கள், டகானினி குருத்துவாராவில் ஒரு ஞாயிறு சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் பக்கம் என்றால் வோல்ற்றர்ஸ் வீதியில், புரூஸ் புல்மன் பூங்காவுக்குள் இருக்கிற புல்மன் அரங்கு. ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் முதலில் வருவது சத்தம்: பக்கம் பக்கமாக ஆடுகளங்கள், எல்லாவற்றிலும் பந்து தட்டுகிற சத்தம், மரத்தரையில் சப்பாத்து கிறீச்சிடுகிற சத்தம், எந்த விசில் எந்த ஆட்டத்துக்கு என்று தெரியாத குழப்பம்.

இங்கே கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம் அல்ல, 13ஆம் வகுப்பு வரையான உயர்நிலைப் பள்ளி. பாபகூராவிலேயே 1970இல் தொடங்கிய ரோஸ்ஹில் கொலிஜ் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் பள்ளிக்கூடங்கள்தானே. ஆகஸ்ட் முடிந்து செப்ரெம்பர் தொடங்குகிற நேரம் நாடு முழுவதும் குளிர்காலப் போட்டி வாரம். அணியில் இருக்கிற பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு அந்த வாரம் விளையாடுவார்கள். கூடைப்பந்தில் பெரிய பள்ளிகளுக்கு முதலில் வட்டாரச் சுற்று. அதில் முன்னுக்கு வருகிற அணிகள் பாமர்ஸ்டன் நோர்த்தில் நடக்கிற தேசியப் போட்டிக்குப் போகும்.

குளிருக்கென்றே பிறந்த விளையாட்டு இது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வெளியே போக முடியாத மாணவர்களை உள்ளேயே ஓடவைக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மாடி விளிம்பில் அடித்தார். சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் 1920இல் தொடங்கியது. ஆக, எங்களுக்கு இது அந்நியமான விளையாட்டு இல்லை. சென்னையிலிருந்து போய் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கட பெண்பிள்ளைகளுக்கு ரொட்டொருவாவில் பிறந்த ஸ்டீவன் அடம்ஸ் எந்த வருடம் என்.பி.ஏ.க்குப் போனார் என்று தெரியும் (2013), அனிதாவைத் தெரியாது.

என் மகள் அவளுடைய அணியில் ஒன்பதாவது ஆள். ஒரு ஆட்டத்தில் ஆறு நிமிடம் கிடைத்தால் நல்ல நாள். அதைக் கேட்கிற உறவினர்கள், "ஆறு நிமிசத்துக்கு வேலைக்கு லீவு போட்டோ வாறாய்?" என்பார்கள். மற்ற முப்பத்துநாலு நிமிடமும் நான் பார்க்கிறது ஆட்டத்தைத்தான் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அரங்கின் படிகளில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சமோவா, தொங்கா, மாவோரிக் குடும்பங்கள் குடும்பமாகவே வருகின்றன. பாட்டி, பெரியம்மா, கைக்குழந்தை, போர்வை, ஒரு பெரிய பெட்டி நிறையச் சாப்பாடு. விளையாடுகிற பிள்ளை ஒன்று, கூப்பிட வந்தவர்கள் பதினைந்து. எங்கட பிள்ளையை ஒரு கார் வாசலில் இறக்கிவிடும். சில அப்பாமார் வாகனத் தரிப்பிடத்திலேயே மடிக்கணினியோடு இருப்பார்கள், முடிந்ததும் "வென்றதோ?" என்று கேட்பார்கள். இதே அப்பாமார் அரங்கேற்றத்துக்கு மூன்று மணிநேரம் அசையாமல் இருக்கிறவர்கள்.

எங்களுக்கு இது தெரியாத பழக்கமும் இல்லை. மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸும் 1904இலிருந்து மோதுகிற கிரிக்கெட், "வடக்கின் பெரும் போர்". என் அப்பா மத்திய கல்லூரி. வாழ்க்கையில் ஒருநாளும் ஒழுங்காக மட்டை பிடித்தவர் அல்ல. ஆனால் அந்த மட்ச் நாட்களில் கொடி பிடித்து, பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் ஆடி, தொண்டை அடைத்து வீட்டுக்கு வந்த கதையை இன்றைக்கும் சொல்வார். ஆர் எத்தனை ஓட்டம் எடுத்தது என்பது மறந்துபோய்விட்டது, பக்கத்தில் ஆர் நின்றது என்பது பெயரோடு ஞாபகம். கப்பலேறாமல் போன சாமான் என்றால் அதைத்தான் சொல்வேன்.

நான் தமிழில்தான் கத்துவேன். "ஓடு பிள்ளை!", "கையைத் தூக்கு!", எதிரணி பந்தோடு வந்தால் "விடாதை!". முதல் வருடம் மகள், "அம்மா, கத்தாதேங்கோ" என்று கெஞ்சினாள். பிறகு அணியில் மற்றப் பிள்ளைகள் "விடாதை" என்றால் என்ன என்று கேட்டு, அவர்களே கத்தத் தொடங்கிவிட்டார்கள். சமோவாப் பாட்டி ஒருவர் 'வித்தாதை' என்பார். ஒன்று மட்டும் நான் செய்வதில்லை: நடுவரைப் பார்த்துக் கத்துவது. விசில் ஊதுகிறவர்களில் பலர் மாணவர்கள், எங்கட பிள்ளைகளை விட ஒன்றிரண்டு வயது மூத்தவர்கள்.

இந்த முறை வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. மகள் பதினோராம் வகுப்பு. என்.சி.இ.ஏ. தொடங்கிவிட்டது, போட்டி வாரம் முடிந்தால் மாதிரிச் சோதனை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வேறு. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்பிள்ளைகள் பலர் இந்த வகுப்போடுதான் விளையாட்டை நிறுத்தினார்கள். நிறுத்தியது அவர்கள் அல்ல. கணவர், "அடுத்த வருசம் வேண்டாம் எண்டு சொல்லுவமோ?" என்று கேட்டார். "முதலில ஒருநாள் உள்ளுக்கு வந்து பாருங்கோ" என்றேன்.

அவர் வந்தது வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, பதினோராம் இடத்துக்கான ஆட்டத்துக்கு. தோற்ற அணிகளும் கடைசி நாள் வரை விளையாடித்தான் ஆகவேண்டும், இடத்தைத் தீர்மானிக்க. பெரிய கூட்டம் இறுதி ஆட்டத்துக்குத்தான் வரும். உண்மையான ரசிகர்கள் எட்டரைக்கே இருப்பார்கள். அம்மாவும் வந்தார், கம்பளித் தொப்பியோடு, ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு, பெட்டியில் இருபத்தைந்து ரோல்ஸோடு.

மூன்றாம் கால்பகுதியில் மகள் இறங்கினாள். ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. எதிரணியின் மிக உயரமான பிள்ளையை ஐந்து நிமிடம் கூடைப் பக்கம் அண்டவிடாமல் முதுகால் தள்ளித் தள்ளி நின்றாள், இரண்டு ஃபவுல் வாங்கினாள். கணவர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு விதிகள் தெரியாது. "அது எப்பிடி ஃபவுல்?" என்று என்னிடம் கேட்டார், பிறகு பாட்டியிடம் கேட்டார், பாட்டி பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

நாலு புள்ளியில் தோற்றோம். பதின்மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிச் சட்டையில் கடைசி ஆட்டம். தரையை விட்டு வர மனமில்லாமல் நடுவட்டத்தில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். படிகளில் இருந்த பள்ளிப் பெடியள் கொஞ்சப் பேர் இறங்கிவந்து அவர்களுக்கு முன்னால் பள்ளியின் ஹாக்காவை ஆடினார்கள். அந்தக் கூரைக்குக் கீழே அது நெஞ்சில் அடிக்கும். அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு ரோல்ஸ் பெட்டி திறந்தது. எங்கட அணி, பயிற்றுநர், பாட்டியின் பேரக்குஞ்சுகள், கடைசியில் அந்த உயரமான பிள்ளையும் அவளுடைய ஆட்களும் வரிசையில் நின்றார்கள். இருபத்தைந்தும் பத்தவில்லை. கணவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.