மேடைக்கு ஒரு மரம்

ராமநாதபுரம் சீமையில் பிறந்தவனுக்கு நிழலின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெயிலே சொல்லிக் கொடுத்துவிடும்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டின் பின்புறம், வடக்கே கடலைப் பார்த்து ஒரு பலகை மேடை போட்டிருக்கிறோம். எண்பதைத் தாண்டிவிட்ட என் தகப்பனார் பிற்பகலில் அங்கேதான் உட்காருவார். உட்கார ஆசைப்படுவார் என்று சொல்வதுதான் சரி. சித்திரை வைகாசியில் நாலரை மணி வரை பலகையில் கை வைக்க முடியாது.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "தகரத்தைப் போட்டுருங்க ஸார், ரெண்டு நாள் வேலை" என்றார். தகரம் நிழல் தரும், வாஸ்தவம். ஆனால் குடித்த வெயிலையெல்லாம் கீழே இருப்பவன் தலையில் கக்கவும் செய்யும். இலையோ, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அடியில் இருப்பவனும் பிழைத்துக்கொள்கிறான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலின்போது அப்பா வாலிபர். தகரம் என்றாலே அவருக்கு அது பறக்கிற சப்தந்தான் ஞாபகம் வரும்.

"மரம் வை" என்றார்.

எந்த மரம்? எங்கள் மண்ணின் சொந்த மரம் குடைவேல். தட்டையான உச்சியோடு, விரித்த குடை போலவே நிற்கும். மணலுக்கும் வறட்சிக்கும் அசையாது. ஆனால் முள்! அப்பா செருப்புப் போடமாட்டார். தென்னை உயரப் போய்த் தன் நிழலை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். சீமைக் கருவேலத்தை நடவே வேண்டாம். 1877-இல் இந்தியாவுக்குள் வந்த விருந்தாளி, எங்கள் ஜில்லாவுக்கே பட்டா வாங்கியவனைப் போல நிற்கிறது.

மிஞ்சியது பூவரசு. செம்பருத்திக்குச் சொந்தக்காரன். மஞ்சளாய்ப் பூத்த பூ, மாலையில் சிவந்து வாடும். உப்புக் காற்று அதற்குத் தாய்ப்பால் மாதிரி. கையளவு பருமனுள்ள போத்தை வெட்டி ஐப்பசி மழையில் நட்டால் துளிர்த்துவிடும். விதை போட்டுக் காத்திருக்க வேண்டாம். அந்தச் சீக்கிரம் ஏன் தேவைப்பட்டது என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

நடுகிற இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ராமேசுவரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பதேகால் பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறான். பிறகு ஆவணி வரை வடக்கே ஒதுங்கி நிற்கிறான். அந்த மாதங்களில் பிற்பகல் வெயில் மேற்கும் வடமேற்குமாகச் சாய்ந்து வரும். ஆகவே மரம் மேடைக்கு வடமேற்கே நிற்கவேண்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று கிளைகளைக் கிழக்கே, அதாவது மேடைப் பக்கமாகவே தள்ளிக் கொடுக்கும். காற்றும் சில சமயம் நமக்கு வேலை செய்கிறது!

"கடல் மறைஞ்சிடுமே, அப்பா" என்றேன்.

"எண்பது வருஷமாப் பார்த்தாச்சு" என்றார்.

என் மனைவி கம்பளிப்பூச்சியைப் பற்றிக் கேட்டாள். வரும், பூவரசு உள்ள இடத்தில் அதுவும் உண்டு. வந்தால் அந்த வாரம் உள்ளே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு போத்து நட்டோம். ஒன்றை ஆடு கடித்துப் பட்டுப்போயிற்று. மற்றொன்றின் நிழல் போன வைகாசியில், இரண்டாம் வருஷத்தில், அப்பாவின் முழங்கால் வரை எட்டியது. பட்டுப்போனதற்குப் பதிலாக, தெருக்கோடி மரத்தில் நல்ல கிளையாக ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஐப்பசி எப்போது பிறக்கிறது என்று காலண்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.