கடைசி ரிப்பன் எங்கே?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஒரே நாளில் 160 கி.மீ. குதிரைச் சவாரி. குடும்பத்தோடு போகலாம். குடும்பத்தோடு வழி தவறியும் போகலாம்.

அதிகாலை மணி ஐந்தே கால். ட்ரக்கி நகருக்குத் தெற்கே, ராபி பார்க் என்ற காட்டுத் திடல். பைன் மரங்களுக்கு நடுவே விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்படுகின்றன. பெரும்பாலும் அரபுக் குதிரைகள். ஒவ்வொன்றின் பிட்டத்திலும் மெழுகுக் கட்டியால் எழுதிய எண். மறுநாள் அதிகாலை ஐந்தே காலுக்குள் அவை ஆபர்ன் நகரை எட்டியாக வேண்டும். நடுவே இருப்பது ஏறத்தாழ 17,000 அடி ஏற்றமும் 22,000 அடி இறக்கமும். புறப்படுகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள். சேர்ந்தவர்களுக்குப் பணம் கிடையாது. வெள்ளியில் ஒரு பெல்ட் பக்கிள், அவ்வளவுதான்.

டெவிஸ் கோப்பை என்று பெயர் பெற்ற இந்தச் சவாரி 1955இல் தொடங்கியது. ஆபர்னைச் சேர்ந்த மர வியாபாரியும் வங்கியாளருமான வெண்டல் ராபி, இந்தக் காலத்துக் குதிரையாலும் ஒரு நாளில் நூறு மைல் போக முடியும் என்று காட்டக் கிளம்பினார். புறப்பட்டவர்கள் ஐந்து பேர். முடித்தவர்கள் நான்கு பேர். 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையே இல்லாமல் இதே பாதையை ஓடிக் கடந்தார். இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் நூறு மைல் மலையோட்டம் அதிலிருந்து பிறந்ததுதான்.

இந்தியாவில் இந்த விளையாட்டைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. மலப்புரத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் என்ற இளம்பெண் 2023இல் பிரான்ஸில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கி.மீ. தூரத்தை முடித்தபோதுதான் நாளிதழ்கள் இதற்கு இடம் ஒதுக்கின. அத்தகைய சர்வதேசப் போட்டிகளில் பாதை ஒரே முகாமைச் சுற்றி வளைய வளைய அமைந்திருக்கும். சியராவில் அப்படி இல்லை. ஓரிடத்தில் புறப்பட்டு, மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, வேறோர் இடத்தில் இறங்க வேண்டும்.

அமெரிக்காவில் நெடுந்தூரச் சவாரி பல வீடுகளில் குடும்ப விளையாட்டு. அதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. குதிரையை வளர்ப்பதும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதும், இரவில் எழுந்து தண்ணீர் காட்டுவதும் ஒருவரால் ஆகிற காரியமல்ல. தந்தை சவாரி செய்தால் தாய் வழிமுகாமில் வைக்கோலும் வாளியுமாகக் காத்திருப்பார். அடுத்த வருடம் அது தலைகீழாகும். பிள்ளைகள் வளர்ந்ததும் அவர்களும் சேணத்தில் ஏறிவிடுகிறார்கள். டெவிஸ் சவாரிக்குக் குறைந்தபட்ச வயது 12.

ஆனால் சிறுவர்கள் தனியே போக முடியாது. பொறுப்பேற்ற பெரியவர் ஒருவர் வழி நெடுக உடன் வர வேண்டும். பிள்ளையை விட்டு அவர் முன்னே போய்விடவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. பெரியவரின் குதிரை நொண்டி, மருத்துவர் அதை நிறுத்திவிட்டால், அந்தப் பிள்ளை வேறொரு பெரியவரைக் கண்டுபிடித்து அவரோடு ஒட்டிக்கொண்டால்தான் மேற்கொண்டு போகலாம். காலையில் அப்பாவோடு புறப்பட்ட சிறுமி, நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒருவரின் பின்னால் வந்து சேருவதும் இங்கே நடக்கும்.

பாதை என்றதும் ஒற்றைத் தடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. 1849க்குப் பிறகு தங்கம் தேடி வந்தவர்கள் இந்த மலையைக் குடைந்து போட்ட தடங்கள் ஏராளம். டெட்வுட், லாஸ்ட் சான்ஸ், மிச்சிகன் பிளஃப் என்று அவர்கள் பெயரிட்ட ஊர்களில் சிலவற்றில் இன்று பெயர் மட்டுமே பாக்கி. மிச்சிகன் பிளஃபில் ஒருகாலத்தில் கடை வைத்திருந்த லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு பிற்பாடு ரயில்வே அதிபராகி, மகன் நினைவாகப் பல்கலைக்கழகமே நிறுவினார். அந்தச் சுரங்கத் தடங்களின் மேல் பிற்காலத்தில் மரம் வெட்டுகிறவர்களின் லாரிச் சாலைகள் வந்தன. எல்லாம் சேர்ந்து மலைமேல் சிக்கிய நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. 2022இல் 'மஸ்கீட்டோ' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ இந்தப் பக்கத்தில் எழுபதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. பழகிய மரங்களை அடையாளம் வைத்துப் போனவர்களுக்கு அந்த அடையாளங்களும் இல்லாமல் போயின.

இந்தச் சிக்கலில் வழிகாட்டுவது பிளாஸ்டிக் ரிப்பன். அமெரிக்காவில் நெடுந்தூரச் சவாரி எங்கே நடந்தாலும் ஏறத்தாழ ஒரே ஏற்பாடுதான். மரக்கிளைகளில் ரிப்பன் கட்டியிருப்பார்கள். திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்னால் இரண்டு மூன்றாகக் கொத்தாகக் கட்டியிருக்கும். திருப்பம் தாண்டியதும் 'சரியான வழிதான், பயப்படாதே' என்பதுபோல இன்னொன்று தொங்கும். போகக் கூடாத தடத்தின் குறுக்கே மாவால் கோடு போட்டிருப்பார்கள். சில இடங்களில் காகிதத் தட்டில் அம்புக்குறி வரைந்து, துணிக்கு மாட்டும் கிளிப்பால் கிளையில் மாட்டியிருப்பார்கள். எளிமையான முறை, செலவும் இல்லை. ஆனால் மாடு ரிப்பனைத் தின்னும். காற்று தட்டைத் திருப்பிவிடும். தங்கள் காட்டில் குதிரைகள் வருவது பிடிக்காத யாராவது அவிழ்த்துப் போட்டுவிடுவதும் உண்டு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் பேச்சு. குடும்பமாகப் போகிறவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். முன்னேர் போன வழியே பின்னேர் என்பது குதிரைகளுக்கும் பொருந்தும். முன்னால் போகும் குதிரை திருப்பத்தைத் தவறவிட்டால் பின்னால் வரும் மூன்றும் தவறவிடும். மெல்லோட்டத்தில் தாளம் பிடிபட்டுவிட்ட பிறகு, இறக்கமான லாரிச் சாலை கண்ணெதிரே விரிந்தால், இடப்பக்கம் புதருக்குள் நுழையும் ஒற்றையடித் தடத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? தரையில் குளம்படிகளும் இருக்கும். முந்தின நாள் வேறு யாரோ போனவை. அவை இருப்பதே போதும், தைரியம் வந்துவிடும்.

பதினைந்து நிமிடம் கழித்து ஒரு குரல் கேட்கும். பெரும்பாலும் அது பிள்ளையின் குரல். "கடைசியாக ரிப்பனை எங்கே பார்த்தோம்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனம் இந்த விளையாட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பெரியவர் சொல்லும் பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம், அடுத்த வளைவில் இருக்கும். அடுத்த வளைவிலும் இருக்காது. அதற்கு அடுத்த வளைவுக்குப் போகிற பிடிவாதம்தான் ஒரு கிலோமீட்டர் தவறை நான்கு கிலோமீட்டராக ஆக்குகிறது. பிள்ளை சொன்னதும் திரும்புகிற தந்தையர் அதிகமில்லை.

கணக்கைப் பார்த்தால் இதன் விலை புரியும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ராபின்சன் ஃப்ளாட், ஃபாரஸ்ட்ஹில் என்ற இரண்டு முகாம்களில் தலா ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு. மீதி 22 மணி நேரத்தில் 160 கி.மீ. என்றால் மணிக்கு ஏழே கால் கிலோமீட்டர். நான்கு கிலோமீட்டர் தவறாகப் போய், அதே நான்கைத் திரும்பி வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் நேரக் கெடு உண்டு. அந்த ஒரு மணி நேரத்தை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். ஈடுகட்டுவது யார்? சேணத்தின் மேல் இருப்பவர் அல்ல.

வெயிலில் உழைக்கும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்வை சிந்தும். வியர்வையோடு உப்பும் போய்விடும். நண்பகலில் சுவிங்கிங் பிரிட்ஜ் பக்கத்துக் கிடுகிடு பள்ளங்களில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சகஜம். கீழே நதி. மேலே ஏறினால் டெவில்ஸ் தம் என்ற பாறை. நடுவே செங்குத்தான வளைவுகள். இழந்த நேரத்தை இந்த ஏற்றத்தில் பிடிக்கப் பார்ப்பவர்கள் அடுத்த முகாமில் மாட்டிக்கொள்வார்கள். அங்கே கால்நடை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கிறார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30, 40 என்று துடிக்கும் இதயம், முகாம்களில் 60 அல்லது 64க்கு இறங்கினால்தான் மேற்கொண்டு போக அனுமதி. தோலைக் கிள்ளி விட்டு அது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்ப்பார். ஈறை அழுத்தி, இரத்தம் திரும்பும் நேரத்தைக் கணிப்பார். வயிற்றில் காது வைத்துக் குடலின் ஓசை கேட்பார். ஓசை இல்லையென்றால் கவலைதான். கடைசியாகக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொல்வார். நொண்டினால் அத்தோடு சரி, குதிரை வண்டியேறி வீடு திரும்பும். 1972இல் உருவான அமெரிக்க நெடுந்தூரச் சவாரி அமைப்பு, முடிப்பதே வெற்றி என்பதைத் தன் குறிக்கோளாக வைத்திருப்பது சும்மா அல்ல.

வழி தவறியவர்களுக்கு விதி ஒன்று உண்டு. எங்கே பாதையை விட்டார்களோ அதே இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். குறுக்கே புகுந்து பாதையில் சேர்ந்துகொள்வது ஏற்கப்படாது. கேட்கக் கடுமையாகத் தோன்றும். ஆனால் இந்த மலையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

ராபி பார்க்கிலிருந்து வெகுதூரத்தில் இல்லை டானர் ஏரி. 1846இல் கிழக்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடியேறப் புறப்பட்ட மாட்டுவண்டிக் குடும்பங்கள், பழகிய பாதையை விட்டுவிட்டு, யூட்டா பாலைவனம் வழியாக ஒரு குறுக்குவழியில் திரும்பின. அந்த வழியே வந்த அனுபவசாலி ஒருவர் வேண்டாம் என்று நேரிலேயே எச்சரித்திருந்தார். கேட்கவில்லை. அந்தக் குறுக்குவழி வாரக்கணக்கில் நேரத்தைத் தின்றது. சியராவின் அடிவாரத்தை எட்டியபோது பனி விழத் தொடங்கிவிட்டது. ஏரிக்கரையிலும் அருகிலும் சிக்கிக்கொண்ட குழுவில் இருந்தவர்கள் 87 பேர். ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் குளிர்காலத்தில் மாண்டார்கள். உயிரோடிருந்தவர்களில் சிலர் இறந்தவர்களைத் தின்று பிழைத்தார்கள்.

குறுக்குவழிக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ரீட். எச்சரிக்கையைக் காதில் வாங்காதவரும் அவர்தான். அவருடைய மகள் வர்ஜீனியாவுக்கு அப்போது 13 வயது. பில்லி என்ற குட்டிக்குதிரையில்தான் அவள் பயணத்தைத் தொடங்கினாள். வழியிலேயே அது தளர்ந்து, விட்டுவிட வேண்டியதாயிற்று. அது சிறுத்துச் சிறுத்து மறையும்வரை வண்டியின் பின்புறம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றி அவள் பிற்காலத்தில் எழுதியிருக்கிறாள். ரீட் குடும்பம் முழுவதும் உயிர் தப்பியது. 1847இல் ஊரிலிருந்த சொந்தக்காரப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் வர்ஜீனியா, குறுக்குவழி எதிலும் இறங்காதே என்று அறிவுரை சொன்னாள். அப்பாவின் பெயரை அங்கே இழுக்கவில்லை.

இன்று காலம் வேறு. யாரும் பனியில் சாகப்போவதில்லை. அமெச்சூர் வானொலிக்காரர்கள் மலை முழுவதும் உட்கார்ந்து, எந்த எண் எந்தச் சாவடியைத் தாண்டியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் எண் அடுத்த சாவடிக்கு வராவிட்டால் தேடத் தொடங்குவார்கள். கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பள்ளத்துக்குள் போய்விட்டால் அழைப்புக்குத்தான் சிக்னல் இருக்காது.

ஃபாரஸ்ட்ஹில்லைத் தாண்டும்போது பலருக்கு இருட்டிவிடும். நிலவு இருந்தாலும் மரத்தடியில் வெளிச்சம் விழாது. ரிப்பனுக்குப் பதிலாக இப்போது கிளைகளில் பச்சையாக ஒளிரும் குச்சிகள். டார்ச் அடிக்க வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். குதிரையின் கண் மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் வெளிச்சம் பட்டுவிட்டால் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் நதியை நோக்கிய சரிவு. ஒற்றைத் தடம். லகானைத் தளர்த்திவிட்டு, குதிரை போகிற போக்கில் விடுவதே நல்லது. அதற்காகக் குதிரைக்கு எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. முன்பு வந்த தடமாக இருந்தால் அதற்கு நினைவிருக்கும். புதிய தடமாக இருந்தால், வைக்கோலும் மற்றக் குதிரைகளும் இருக்கும் திசைக்கே அதன் காது திரும்பும். அது பாதை போகும் திசையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருட்டில் பல குடும்பங்கள் பிள்ளையை நடுவில் விட்டு, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகப் போகிறார்கள். பகலில் ஓயாத பேச்சு இப்போது அடங்கிவிடும். ஒளிக்குச்சி தெரிந்தால் மட்டும் முன்னால் போகிறவர் குரல் கொடுப்பார்.

அமெரிக்கன் நதியில் இறங்கி ஏறியாக வேண்டும். பிறகு நோ ஹேண்ட்ஸ் பாலம். சுண்ணாம்புக்கல் ரயிலுக்காக 1912இல் கட்டிய கான்கிரீட் பாலம் அது. நெடுங்காலம் பக்கச் சுவர் இல்லாமல் இருந்தது. அதைத் தாண்டினால் ஆபர்னுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர்தான். பகலில் எட்டுக் கிலோமீட்டர் வீணாக்கிய குடும்பம் இங்கே வந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும். மணி நான்கு என்றால் பிழைத்தார்கள். ஐந்து என்றால், அந்த எட்டுக் கிலோமீட்டர் இப்போது கணக்குக் கேட்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் மைதானத்தில் விளக்குகள். ஐந்தே காலுக்கு முன்னால் கோட்டைத் தாண்டினாலும் முடிந்துவிடவில்லை. மருத்துவர் மறுபடி இதயத்துடிப்பை எண்ணுவார். குடலின் ஓசை கேட்பார். ஓட்டிக் காட்டச் சொல்வார். தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிரையோடு ஓடும். தந்தை சற்று எட்ட நின்று குதிரையின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.