சரியாக வரும் எண்கள்

ஆனி 9

2 வரவேண்டிய இடத்தில் 4 வருகிறது. 7490 என்ற ஐசி எண்ணுகிறது, அந்த எண்ணிக்கையை 7447 என்ற ஐசி வாங்கி செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேயில் எழுதுகிறது. வரிசை 0, 1, 4, 5, 2, 3, 6, 7, 8, 9. மற்ற வேலை எதிலும் மனம் நிற்கவில்லை.

ஆனி 10

"ஐசி போயிருக்கும், மாத்திப் போடு" என்பார்கள். மலிவான யோசனைதான், ஆனால் பழுதான ஐசி இத்தனை ஒழுங்காகத் தப்பு செய்யாது. தப்பாக வருகிற நான்கு எண்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சரியாக வருகிற ஆறும்தான் இங்கே சாட்சி. எண் நான்கு கம்பிகளில் போகிறது, மதிப்பு 1, 2, 4, 8. 0, 1, 8, 9 ஆகியவற்றுக்கு 2-ம் 4-ம் வேண்டாம். 6, 7 இரண்டுக்கும் அவை சேர்ந்தே வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாதபோதுதான் கோளாறு. ஆகவே அந்த இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன. ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா? இந்த டிடிஎல் வகையில் இரண்டு ஒட்டினால் தாழ்ந்ததே பெரும்பாலும் ஜெயிக்கும். 2-க்கு 0 வந்திருக்கும், 4 அல்ல. டிஸ்ப்ளே பக்கம் கோடுகள் மாறியிருந்தால்? 8 மட்டும் அப்போதும் ஒழுங்காகத் தெரியும், எல்லாக் கோடும் எரிவதால். அதனால் 8-ஐ நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் இங்கே 4-ம் 5-ம் 0-ம் உருக் குலையாமல் வருகின்றன. டிஸ்ப்ளே குற்றமற்றது.

ஆனி 11

6-க்குத் தலைக்கோடு இல்லை, 9-க்கு அடிக்கோடு இல்லை. 7447 எழுதும் விதமே அதுதான்.

ஆனி 17

7490-இல் 2-இன் கம்பி 9-ஆவது காலில், 4-இன் கம்பி 8-ஆவது காலில். 7447-இலோ 2 முதல் காலுக்குப் போகவேண்டும், 4 இரண்டாவது காலுக்கு. கால் எண்களை ஏறுவரிசையில் ஜோடி சேர்த்தால் தானாகவே மாறிவிடும். மாற்றிப் போட்டதும் 2 வந்தது. என்ன ஒரு சந்தோஷம், ஒரே ஒரு 2-க்கு!

ஆனி 23

3-லிருந்து நேரே 7.

ஆனி 24

சுவிட்சின் துள்ளல் என்று சொல்லலாம். ஒருமுறை அழுத்தினால் உள்ளே தகடு பலமுறை தொட்டு விலகும். ஆனால் யாரும் அழுத்தாதபோதும் தாவுகிறது. ரீசெட் கால் எதிலும் சேராமல் தொங்கினால் எண் 0-க்கோ 9-க்கோ போகுமே தவிர 7-க்குப் போகாது. ஆக, இல்லாத துடிப்புகளை 7490 எண்ணிக்கொள்கிறது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி மோட்டார் ஓடும் லைனிலேயே வீட்டுக்கும் மின்சாரம் வருகிறது என்றால், சந்தேகம் போகவேண்டிய இடம் அதுதான். முதல் கோளாறுக்கும் "கரண்டு சரியில்ல" என்ற விளக்கம் சொல்லலாம். அது அபத்தம், தாழ்ந்த வோல்ட்டேஜ் 2-ஐயும் 4-ஐயும் மட்டும் பொறுக்கி எடுக்காது. அதே விளக்கம் இரண்டாவதற்குப் பொருந்துவது எரிச்சலாக இருக்கிறது. 7490-இன் 5-ஆவது காலுக்கும் 10-ஆவதற்கும் நடுவே, காலை ஒட்டி, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்கவேண்டும்.

ஆடி 2

காற்று, புழுதி, மின்வெட்டு.

ஆடி 3, ஞாயிறு

தாவவில்லை. கெப்பாசிட்டர் வைத்தாயிற்று, தறியும் இன்று ஓடவில்லை. இரண்டும் ஒன்றாக மாறியதால் எதற்கு நன்றி சொல்வதென்று தெரியாது. தறியே இல்லாத லைனில், திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கரிசல்காட்டு ஊர் ஒன்றில், கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பேட்டரி போதுமே என்றால், இந்த ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் வரம்பு. சாதா செல் நான்கு சேர்ந்தால் 6 வோல்ட், அதிகம். சார்ஜ் ஏற்றும் செல் நான்கு 4.8 தரும், கொஞ்சம் இறங்கினாலே வரம்புக்குக் கீழே போய்விடும், அப்போது தாவினால் அதற்கு வேறொரு காரணம் முளைக்கும். நாளை தறி ஓடும்.