99 கிலோ

விடிகாலை ஐந்தரைக்குக் குட்டி யானை வாசலில் வந்து நிற்கும். எங்கள் பக்கம் டாடா ஏஸ் என்றால் பலருக்குச் சட்டென்று புரியாது, குட்டி யானை என்றால்தான் புரியும். வண்டிக்கார அண்ணன் இறங்கிப் பின் கதவைத் திறப்பார். நான் என் கவாஸாகி கேஎல்எக்ஸ் 140ஜியைத் தள்ளிக்கொண்டு வருவேன். 144 சிசி, பெட்ரோலோடு சேர்த்து 99 கிலோ. ஹெட்லைட் இல்லை, இண்டிகேட்டர் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. மண்ணில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி, சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. கிணத்துக்கடவுப் பக்கம் நண்பரின் தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அது இன்னொரு வண்டியில் ஏறித்தான் போக வேண்டும்.

முதலில் பெரிய வண்டியில்தான் மண்ணில் பழகினேன், 150 கிலோவுக்கு மேல். ஓடை மணலில் முன் சக்கரம் புதைந்து சாய்ந்தால், அதைத் தூக்கி நிறுத்தவே பாதித் தெம்பு போய்விடும். மூன்றாவது முறை விழுந்த பிறகு மனம் திருப்பத்தைப் பற்றி யோசிக்காது, விழக் கூடாதே என்று மட்டும்தான் யோசிக்கும். பயந்த கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும். மணலில் அப்படி இறுக்கிப் பிடித்தால் மறுபடி விழுவோம். சின்ன வண்டி இந்தச் சுழலை அறுத்துவிட்டது. விழுந்தால் ஒரே மூச்சில் தூக்கி, அதே திருப்பத்துக்கு அரை நிமிடத்தில் திரும்பலாம். ஒரு காலையில் ஒரே வளைவை நாற்பது தடவை போட்டிருக்கிறேன்.

அறுவடை முடிந்த நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில், வரப்பை ஒட்டிய ஒரு இடது வளைவு அது. மேலே பொடிச் செம்மண், அடியில் கெட்டித் தரை. நின்றபடி, முட்டியை லேசாக மடக்கி, பெட்ரோல் டேங்க்கை முழங்காலால் கவ்விக்கொண்டு வர வேண்டும். பிரேக் பிடித்து முடித்ததும் சீட்டின் முன்பகுதிக்கு நகர்ந்து உட்கார்ந்து, இடது காலை முன் சக்கரத்தை நோக்கி நீட்டுவேன். உடம்பின் பாரம் முழுவதும் வலது ஃபுட்ரெஸ்ட்டில். வலது முழங்கை மேலே. கண் மட்டும் வளைவு முடியும் இடத்தில் நிற்க வேண்டும், சக்கரத்தைப் பார்த்தால் கெட்டது. வலது காலில் உண்மையாகவே பாரம் இறங்கியிருந்தால் பின் சக்கரம் வழுக்கும்போதும் கிரிப் முழுக்க விட்டுப்போகாது, மெல்ல அரைவட்டம் போட்டு வெளியே வரும். பாரம் இறங்காமல் இறங்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தால் மண் உடனே சொல்லிவிடும்.

டயர் காற்று 13 பிஎஸ்ஐ அளவில் வைக்கிறேன். சாலையில் 30க்குப் பக்கம் வைத்துப் பழகியவர்கள் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துப் பஞ்சர் என்றே நினைப்பார்கள். எங்கே ஓட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும்: பட்டா நிலமானால் உடையவரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும், காப்புக் காட்டுக்குள் போகவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

இனி வண்டியை ஏற்றிக் கட்டும் விஷயம். எடை குறைந்த வண்டிதானே, எப்படிக் கட்டினால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் நைலான் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டி, சைடு ஸ்டாண்டையும் போட்டுவிட்டுப் புறப்பட்ட முதல் பயணத்தில், ஒரு வேகத்தடையில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. கிளட்ச் லீவர் ஒடிந்து கிடந்தது, தளமெங்கும் பெட்ரோல். முழுக்க என் தவறு. கனமான வண்டி தன் பாரத்தால் தளத்தில் படிந்து கிடக்கும், லேசான வண்டிதான் துள்ளும். குழியில் ஃபோர்க் ஒரு கணம் அமுங்கும்போது கயிறு தொய்கிறது. தொய்ந்த அந்தக் கணத்தில் கட்டு நழுவிவிடுகிறது.

எந்த ஸ்பிரிங்கை நம்பி வரப்பு தாண்டுகிறோமோ, கட்டும்போதும் அதே ஸ்பிரிங்கைத்தான் நம்ப வேண்டும். இது புரிய எனக்கு ஒரு லீவர் செலவாயிற்று. முன் சக்கரத்தை கேபின் பக்கச் சுவரில் முட்டக் கொடுத்து, ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் ‘டி’யில் துணி வளையம் மாட்டி, அதிலிருந்து ராட்செட் பெல்ட்டை இரு பக்கமும் முன்னோக்கிச் சாய்வாக இழுக்கிறேன். ஃபோர்க் தன் தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் போதும். குழியில் இன்னும் அமுங்க இடம் மிச்சமிருக்கும், ஸ்பிரிங் பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும். முழுக்க அமுக்கிவிட்டால் அந்த அதிர்ச்சியெல்லாம் பெல்ட்டுக்கும் ஆயில் சீலுக்கும் போய்விடும். பின் சக்கரம் பக்கவாட்டில் நகராமலிருக்க இன்னும் இரண்டு பெல்ட். சைடு ஸ்டாண்டு மடங்கியிருக்க வேண்டும், பெட்ரோல் டேப் மூடியிருக்க வேண்டும். திரும்பும்போது சைலன்சர் ஆறும் வரை காத்திருங்கள். சூட்டில் பட்ட பெல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தொட்டால் ஒரு விரல் நீளத்துக்கு நெகிழி போல இறுகியிருக்கும். அதை அப்போதே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கஷ்டம். பலகையில் பின்பக்கமாக இறங்கும்போது வண்டியின் பாரமெல்லாம் கீழே இருக்கும் பின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, முன் பிரேக்கை எவ்வளவு பிடித்தாலும் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு கூடவே வரும். இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு இறக்குங்கள். அப்போது கிளட்ச்தான் பின் பிரேக். வண்டி ஒரு சாண் நகரும், நிற்கும், மறுபடி ஒரு சாண்.

பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு டீக்கடையில் நிறுத்திப் பெல்ட்டுகளை ஒருமுறை பார்ப்பது வழக்கம். சக்கரம் ஆடி ஆடித் தன் இடத்தில் படிந்த பிறகு ஏதாவது ஒரு பெல்ட் கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். ஆரம்பத்தில் அண்ணனுக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. “இத்தன கட்டு எதுக்குங்க தம்பி, யானையவா ஏத்துறோம்?” என்பார். போன மாதம் நான் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் மேலே ஏறி நின்று இடது பக்கப் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒரு பல்லு எறங்கியிருக்குதுங்க தம்பி,” என்றார். ராட்செட் ஒருமுறை ‘டிக்’ என்றது.