முதல் ஈட்டுப் புட்டு

ஆவணி மாதத்து மூல நட்சத்திரத்தன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செல்லும் வெளியூர் அன்பர்கள், நடை சாத்தியிருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. அன்று சுவாமி கோயிலில் இருப்பதில்லை. அம்மனுடன் புறப்பட்டு, வைகைக் கரைப் பக்கம் ஆரப்பாளையத்தை அடுத்துள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருளிவிடுகிறார். அங்கே அவருக்குக் கூலி வேலை காத்திருக்கிறது. கூலி, உதிர்ந்த புட்டு.

சென்ற ஆண்டு அத்திருநாளில் நாங்கள் நால்வர் மதுரைக்குப் புறப்பட்டோம். நால்வரும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், எழுபதைக் கடந்தவர்கள். ஒருவர் தறி நெய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒருவர் திருச்சுழியில் குடியேறி, திருமேனிநாதர் சந்நிதியே கதி என்று இருப்பவர். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன்.

மதுரை என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான் என்று சொன்னால், இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெரியோர் மன்னிக்க வேண்டும். நாங்கள் கரிசல் காட்டுப் பிள்ளைகள். கம்பங்கூழும் சோளச் சோறும் குதிரைவாலியும் உண்டு வளர்ந்தவர்கள். நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் உரியது. எப்போதாவது எங்களை மதுரைக்கு அழைத்துச் செல்லும் தகப்பனார், தரிசனம் முடிந்ததும் இலை போட்ட கடையில் உட்கார வைத்து வெள்ளை இட்லி வாங்கிக் கொடுப்பார். அந்த ஆவி பறக்கும் இட்லியின் நினைவுக்காகவே, சுமார் 50 கிலோமீட்டர் தூரம் கடந்து ஆண்டுக்கொரு முறை போய்வருகிறோம்.

போன தடவை அந்தப் பயணத்துக்கு நான் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். காலையில் இன்ன தெருவில் இட்லி, பிறகு புட்டுத்தோப்பில் புட்டு, மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் பருத்திப்பால், ஜிகர்தண்டா, கடைசியாக அழகர்கோயிலுக்குப் போய் நெய் மணக்கும் அழகர் தோசைப் பிரசாதம். ஆறு இனங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருந்தேன். நாற்பதாண்டுகள் பள்ளிக்கூடத்துக் கால அட்டவணை போட்ட கை அல்லவா!

அதிகாலையில் திருச்சுழிக்குப் போய், சுந்தரர் பாடிப் பரவிய திருமேனிநாதரையும் துணைமாலை அம்மையையும் வணங்கிவிட்டு நண்பர் வீட்டு வாசலில் காரை நிறுத்தினோம். அவருடைய மனைவியார் வாழையிலையில் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

“எட்டு இட்லி இருக்கு அண்ணே. மிளகாய்ப்பொடி தடவியிருக்கேன். அவருக்கு மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும்.”

நான் சிரித்தேன். “மதுரைக்குப் போறவங்களுக்குக் கட்டுச்சோறா அம்மா? அங்கே இட்லிக்கா பஞ்சம்?” என்று சொல்லி, பொட்டலத்தை வாங்கித் திண்ணையிலேயே வைத்துவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. நண்பரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடி ஏறிக்கொண்டார். ஆறரை மணிக்குத் தம் சர்க்கரை மாத்திரையை விழுங்கினார்.

வழியெல்லாம் அவர் பேச்சு திருச்சுழியில் அவதரித்த பகவான் ரமணரைப் பற்றியே இருந்தது. 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன நள்ளிரவில் பிறந்த வேங்கடராமன், தந்தையார் மறைந்த பின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்ததும், 1896-ஆம் ஆண்டு பதினாறு வயதில் அங்கே மரண அனுபவம் வாய்த்ததும் நாம் அறிந்தவை. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று அண்ணாமலைக்குப் புறப்பட்ட பயணத்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்பதை நண்பர் வரிசையாகச் சொன்னார். வீட்டில் பரிமாறிய உணவை அவசரமாக உண்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருச்சிராப்பள்ளியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினார். ஒரு கடி கடித்ததுமே பசி அடங்கிவிட்டது. பின்னர் கீழூர்க் கோயிலில் பசியால் தளர்ந்து சோறு கேட்டபோது, அங்கிருந்த மேளக்காரர் தம் பங்குச் சோற்றை அவருக்குக் கொடுக்கச் சொன்னார்.

“தன் பங்கையே கொடுத்தாரய்யா. மிச்சமிருந்ததைக் கொடுக்கவில்லை” என்று இரண்டு முறை சொன்னார் நண்பர்.

“அவர் ஞானி, ஒரு கடியில் பசி அடங்கும். நமக்கு இட்லி வேண்டும்” என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம்.

காரியாபட்டியைத் தாண்டும்போது மருந்துக்கடை நண்பர், “இங்கேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிடலாமே” என்றார். நான் சம்மதிக்கவில்லை. “இங்கே வயிற்றை நிரப்பிவிட்டால் அங்கே ருசி தெரியாது. பசியைச் சேமித்து வையுங்கள்” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

மதுரையில் திருவிழாக் கூட்டம். பல தெருக்களில் வண்டிகளை விடவில்லை. காரை வெகு தொலைவில் நிறுத்தினோம். நான் குறித்திருந்த இட்லிக் கடைக்குப் போக வழியில்லை. “சரி, முதலில் சுவாமி தரிசனம், பிறகு இட்லி” என்று பட்டியலை மாற்றிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தோம். புட்டுத்தோப்பை நெருங்கும்போது மணி ஒன்பதரை. வெயில் ஏறிவிட்டது.

அப்போது தறி நண்பர் என் கையைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். திருச்சுழி நண்பர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. “என்னய்யா செய்கிறது?” என்று கேட்டால், கேள்விக்குத் தொடர்பில்லாமல், “பேரிக்காய்... அரையணா...” என்று குழறினார்.

மருந்துக்கடை நண்பருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. “சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே இனிப்பு ஏதாவது கொடுக்க வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறது?”

எங்கள் நால்வர் சட்டைப் பைகளிலும் ஒரு மிட்டாய் இல்லை. என்னிடம் பட்டியல் இருந்தது. ஆறு பண்டங்களின் பெயர்கள் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன.

சாலையோரத்தில் ஒரு மூதாட்டி அடுப்பை மூட்டிப் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன். “அம்மா, அவசரம். கொஞ்சம் புட்டு...”

“இன்னும் வேகலையேய்யா” என்றவர், என் தோளுக்குப் பின்னால் நண்பரைப் பார்த்தார். அவருக்கருகில் வாழையிலையால் மூடிய சிறு தூக்குவாளி ஒன்று இருந்தது. அதைத் திறந்தார். வெல்லமும் தேங்காயும் ஏலக்காயும் மணந்தன. அது முதல் ஈடு. சுவாமிக்கு என்று தனியே எடுத்து வைத்தது. அதில் ஒரு கை அள்ளி, கட்டியாக இருந்ததை விரல்களால் உதிர்த்து, நண்பரிடம் வந்து நீட்டினார்.

அந்த நிலையிலும் நண்பர் தலையை அசைத்தார். “சாமிக்கு...” என்றார்.

“பசிச்சு வந்திருக்கீகல்ல, பெறகென்ன? வாயத் திறங்கய்யா” என்றார் அந்த அம்மாள்.

நண்பர் நினைவோடு இருந்தார், விழுங்க முடிந்தது. சிறிது சிறிதாக ஊட்டினோம். தறி நண்பர் எங்கிருந்தோ சர்க்கரை கூட்டிய தேநீர் கொண்டுவந்தார். கால்மணி நேரத்தில் வியர்வை அடங்கியது. கண்களில் தெளிவு வந்தது. என் முகத்தைப் பார்த்து, “என்னய்யா, இட்லிக் கடை வந்துவிட்டதா?” என்று கேட்டார். எனக்குப் பேச வரவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதே தோப்பில் நடந்த திருவிளையாடலைத்தான் அன்று காண வந்திருந்தோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61-ஆவதாக வரும் மண் சுமந்த லீலை. வைகை பெருகி வந்தபோது, அரிமர்த்தன பாண்டியன் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஆணையிட்டான். புட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்தார். உதிர்ந்த புட்டையே கூலியாகக் கேட்டார். அன்று அவித்த புட்டெல்லாம் உதிர்ந்தது. வயிறார உண்டு, வேலை செய்யாமல் உறங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்த அடி எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது.

இக்கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்; வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஒரே அடி எல்லோர் முதுகிலும் விழுந்த அற்புதத்தையே விரித்துச் சொல்வேன். அதற்கு முன்பு இறைவன் பசித்தவனாக வந்து ஒரு கிழவியின் அடுப்பருகில் நின்றதை, இரண்டு வாக்கியத்தில் கடந்துவிடுவேன். அன்று தரையில் உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டு வாக்கியங்கள்தான் நெஞ்சில் நின்றன. மாணிக்கவாசகர் பொருட்டு நிகழ்ந்த பெரும் லீலையில், சர்வேசுவரன் ருசியைக் கேட்கவில்லை. முழுப் புட்டைக்கூடக் கேட்கவில்லை. நானோ பசியைச் சேமிக்கச் சொன்னேன். அதுவும் அடுத்தவர் பசியை.

அந்த அம்மாளிடம் பணம் கொடுக்கப் போனேன். “மொத ஈட்டுக்குக் காசு வாங்குறதில்ல” என்று தள்ளிவிட்டார். பிறகு அடுத்த ஈடு வெந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினோம். அதற்கு மட்டும் கணக்காகக் காசு வாங்கிக்கொண்டார். தூக்குவாளியில் மிச்சமிருந்ததை மறுபடி இலையால் மூடி, சுவாமி வரும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டார். கை படாதது, படாதது என்ற எண்ணமெல்லாம் அவரிடம் இல்லை.

நண்பருக்கு முதலில் வயிறார இட்லி வாங்கிக் கொடுத்தோம். சாதாரணக் கடை, பெயர்கூடப் பார்க்கவில்லை. பிறகு மண்டபத்தருகே ஒதுங்கி நின்று லீலையைத் தரிசித்தோம். திருப்பரங்குன்றத்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் எழுந்தருளியிருக்க, எங்கும் “ஹர ஹர” முழக்கம். நண்பர் தலைக்கு மேல் கைகூப்பி நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் அவர் விரும்பியபடி தெற்குக் கோபுரத்தை ஒட்டிய சொக்கப்ப நாயக்கர் தெருவுக்குப் போனோம். வேங்கடராமன் வாழ்ந்த அந்த வீடு இன்று ரமண மந்திரமாக விளங்குகிறது. சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருந்தோம். இங்கேதானே கடைசியாக அவசரமாக உண்டுவிட்டுக் கிளம்பினார் என்று எண்ணிக்கொண்டேன். மேளக்காரர் தந்த சோற்றைப் பற்றிக் காலையில் நண்பர் ஏன் இரண்டு முறை சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அழகர்கோயிலை அடுத்த தடவைக்கு என்று ஒதுக்கிவிட்டோம். வழியில் தறி நண்பர் மட்டும் பருத்திப்பால் குடித்தார். “நம்ம ஊரில் பருத்திக்கொட்டையை ஆட்டி மாட்டுக்கு வைப்போம், மதுரைக்காரன் சுக்கும் கருப்பட்டியும் போட்டு மனுசனுக்குக் கொடுக்கிறான்” என்று அவர் சொன்னதும், காலைக்குப் பிறகு முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம்.

இரவு திருச்சுழி வந்து சேர்ந்தபோது நண்பரின் மனைவியார் வாசலிலேயே நின்றார். “மதுரையில் என்னென்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். நண்பர், “புட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

நான் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நடந்தது முழுவதையும் சொன்னேன். பொட்டலத்தை விட்டுப் போனதிலிருந்து, காரியாபட்டியில் தடுத்தது வரை. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. நீண்ட நேரம் கழித்து, “கைகால் கழுவிட்டு வாங்க அண்ணே, மோர்ச்சோறு இருக்கு” என்றார். அன்று உண்ட மோர்ச்சோற்றில் கண்ணீரின் உப்பும் கலந்திருந்தது.

நம் வயதில் தீர்த்த யாத்திரையும் திருவிழாத் தரிசனமும் செல்லும் அன்பர்கள், மாத்திரை உண்டால் உணவைத் தள்ளிப்போடாதீர்கள். மடியில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊட்டாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். மருந்துக்கடை நண்பர் இதை அவசியம் எழுதச் சொன்னார்.

இந்த ஆவணி மூலத்துக்கும் நால்வரும் புறப்படுகிறோம். இம்முறை பட்டியல் இல்லை. வாழையிலைப் பொட்டலத்தை நானே கைநீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வதாகவும், காரியாபட்டி வருவதற்குள் அவிழ்த்துவிடுவதாகவும் திருச்சுழித் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மூதாட்டியையும் தேடிப் பார்க்க வேண்டும்.