மச்சான், கயித்தைப் பிடி!

'மச்சான்... மச்சான்'னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடறோம்? அந்த வார்த்தையோட வெயிட் தெரியணும்னா, ஒரு தடவை தூத்துக்குடிக்குப் போயிட்டு வாங்க!

நானும் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். ப்ளஸ் டூ முடிந்ததும் அவனுக்கு மீன்வளம் படிக்க ஆசை. எனக்குக் கோவையில் இன்ஜினீயரிங். "காலேஜைப் பார்த்துட்டு வரலாம், துணைக்கு வாடா" என்று ஜூலைக் கடைசியில் இழுத்துக்கொண்டு போனான்.

1977-ல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி அது. நாலு வருஷ பி.எஃப்.எஸ்சி. படிப்பு. "மீன் பிடிக்கறதுக்கெல்லாம் ஒரு காலேஜா?" என்று பஸ்ஸில் கிண்டலடித்தவன் நான்தான். மீன் வளர்ப்பு, மீன்களுக்கு வர்ற நோய், பதப்படுத்துதல், வலை, படகு என்று பாட லிஸ்ட்டைப் பார்த்ததும் கப்சிப்!

சாயங்காலம் ஊர் சுற்றல். பனிமய மாதா பேராலயத்தில் திருவிழா. 1713-ல் கட்டிய கோயில். வருஷா வருஷம் ஜூலை 26-ல் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே ஜேஜேதான். சில விசேஷ வருஷங்களில் மட்டும் தங்கத்தேர், 2023-ல் இழுத்தார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கினோம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி... வாயில் போட்டால் காணாமல் போகிறது! வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. அந்த நினைப்போடு கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால், திரேஸ்புரம். சங்கு குளிக்கிறவர்களின் ஏரியா.

படகோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "அண்ணாச்சி, இப்பவும் முத்துக் குளிக்கிறாங்களா?" என்று கேட்டோம்.

சிரித்தார். "அது 1961-ஓட போச்சு தம்பி. இப்ப சங்கு மட்டுந்தான்."

முத்துக் குளித்த கதையையும் அவரே சொன்னார். காலில் கல்லைக் கட்டின கயிறு, இடுப்பில் இன்னொரு கயிறு. மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தால், கல் சரசரவென்று அடிமண்ணுக்கு இழுத்துப் போகும். சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் உயிர் போச்சு.

"அந்தக் கயித்தை யார் கையில குடுப்பாங்க தெரியுமா? மச்சான் கையில! தன் அக்கா தங்கச்சி தாலி சம்பந்தப்பட்டதுல்லா... அவன் கண்ணசர மாட்டான்."

இப்போது கம்ப்ரசர் காற்றுக் குழாயோடு இறங்குகிறவர்களும் உண்டாம். "குழாய் மடங்கினாலும் ஆபத்து, மிஷின் நின்னாலும் ஆபத்து. மேல ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கணும் தம்பி. அன்னைக்குக் கயிறு, இன்னைக்குக் குழாய். அவ்வளவுதான் வித்தியாசம்."

திரும்பும்போது நண்பன் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பஸ் ஸ்டாண்டில்தான் வாய் திறந்தான். "வீட்ல யாருக்கும் இஷ்டமில்லடா. ஆனா இங்கதான் சேரப் போறேன். நீயும் பக்கத்துல இருக்க மாட்டே... பயமா இருக்கு."

ஏழு வருஷத்தில் அவன் 'பயம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வழக்கம்போல் ஜோக்கடிக்க வாயெடுத்தேன். வரவில்லை.

"நீ குதி மச்சான். உங்கப்பாகிட்ட நான் பேசறேன். கயிறு என் கையில இருக்கு."

மக்ரூன் பொட்டலத்தை நீட்டினான். ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்தது. பாதியாக உடைத்தோம்!