ஹீட்டர் இல்லாத லாரி
பக்கத்து குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1940களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் ஒன்று காட்கோபர் பட்டறையில் நிற்கிறது. பெட்ரோல் என்ஜின் போய் டீசல் ஏறியாயிற்று. மிச்சம், ஹீட்டருக்கான இரண்டு குழாய் வாய்கள்.

‘‘வியர்வை கொட்டுற ஊர்ல ஹீட்டர் எதுக்கு? அடைச்சுடலாமாண்ணே?’’ என்கிறான் பையன்.

பெரிய மெக்கானிக் தலையசைத்து மறுக்கிறார். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை தண்ணீர் சுற்ற அதுதான் வழி. அடைத்தால் சிலிண்டர் ஹெட்டில் சூடு தேங்கும். ஹெட்டிலிருந்து வரும் வாயை, வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தோடு ஒரே ஹோஸால் இணைத்துக் கிளிப்பை முறுக்குகிறார்.

வாசலில் பழைய ஆக்ரா சாலை. அது கசாரா கணவாய் ஏறும். அங்கே ஹெட் வெடித்து லாரி நின்றால், டிரைவரின் கூலியும் நிற்கும்.